என் டெர்மினலின் குடலை உருவ வந்தவர்கள்

கம்பெனியிலிருந்து போனில் பேசிய பெண், "புதுக் கட்டடத் திறப்பு விழாவுல கௌரவிக்கப் போறோம், மேடம்" என்றாள். எந்தத் தோடு போட்டுக்கொண்டு மேடை ஏறலாம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள், "உங்க வீட்ல இருக்கிற டெர்மினலை" என்று மீதியையும் சொன்னாள்.

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே என் வீட்டுக்காரர், "அப்பாடா" என்றார். "உன்னைத்தான்னு நெனச்சுப் பயந்துட்டேன். உன் கையில மைக்கைக் கொடுத்திருந்தா, கட்டடத்தைத் திறந்த அன்னிக்கே மூடியிருப்பாங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியும் உண்மைதான். ஒத்துக்கொள்ள எனக்குத்தான் மனசு வராது.

டெர்மினலைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லாரிக் கம்பெனியின் உதிரிபாக ஸ்டோரில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் என் மேஜையில் குந்தியிருந்த பெட்டி அது. பார்த்தால் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் வேறொரு அறையில், ஏசியில், ஒரு மந்திரியைப் போல யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும். அதற்கும் எனக்கும் நடுவில் ஒரு வயர். நான் தட்டுவதைப் பெட்டி அங்கே அனுப்பும், அங்கிருந்து வருவதை இங்கே காட்டும். அதற்குச் சொந்த மூளை கிடையாது, அதனால் சொந்தக் கருத்தும் கிடையாது. இப்படி ஒரு சக ஊழியர் யாருக்கு வாய்க்கும்? கறுப்புக் கண்ணாடியில் தேன் நிற எழுத்து. கீபோர்டைத் தட்டினால் பக்கத்துத் தெருக்காரர்கள் யாரோ கட்டில் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். எடை ஒரு கன்றுக்குட்டி இருக்கும். ஒருமுறை தூக்கிக்கொண்டு ஏறும்போது மாடிப்படியில் போட்டுவிட்டோம். மாடிப்படியைத்தான் ரிப்பேர் செய்ய வேண்டியிருந்தது.

ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சுவர்க்கடிகாரம் கொடுக்க வந்தார்கள். "கடிகாரம் வேண்டாம், அந்தப் பெட்டியைக் கொடுங்கள்" என்றேன். குப்பைக்குப் போகிற சாமான்தானே என்று அன்றைய மேனேஜர் தலையாட்டினார். வெறும் வாய்வார்த்தை. பெட்டியின் முதுகில் "கம்பெனிச் சொத்து" என்று ஒட்டியிருந்த தகட்டைப் பிய்த்துப் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டிலும் அதை நான் சும்மா உட்கார வைக்கவில்லை. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றை முதுகில் மாட்டி, சமையலறையை ஸ்டோராக மாற்றிவிட்டேன். சோப்புக்கு ஒரு எண், சர்க்கரைக்கு ஒரு எண். என் வீட்டுக்காரருக்கு டீயில் இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை வேண்டுமென்றால் டெர்மினலில் கோரிக்கை பதிய வேண்டும். காரணம் கேட்கும் கட்டத்தில் ஒருநாள், "வாழ்க்கை கசக்கிறது" என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தார். பெட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும். நிராகரித்துவிட்டேன்.

கௌரவிக்க வந்தவர் கம்பெனியின் கணினிப் பிரிவு மேலாளர். ஐம்பதைத் தாண்டியவர். தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது. ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்றால் மண்டையைச் சுற்றி வெளிச்சம் ஒரு வளையம் கட்டும். அதனால் கம்பெனி முழுக்க அவருக்கு ஒளிவட்டம் என்று பெயர். அது அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல என் பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"அக்கா, இதே மாதிரி ஒண்ணு நானே எழுதியிருக்கேன்" என்று மடிக்கணினியைத் திறந்தார்.

இப்போது டெர்மினல் பெட்டியை யாரும் செய்வதில்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு மென்பொருள் டெர்மினல் வேஷம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதற்கு எமுலேட்டர் என்று பெயர். மறுமுனையில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு வித்தியாசமே தெரியாது. போனில் பேசுவது மாமியாரா, மாமியார் மாதிரியே பேசிக் காட்டும் மருமகளா என்று எதிர்முனைக்குத் தெரியாது அல்லவா, அதுபோல.

ஒளிவட்டம் எழுதிய எமுலேட்டரில் அதே தேன் நிறம், கண்ணாடிக்கு அதே வளைவு. கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், திரை முழுக்க வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. எழுத்துகளுக்குப் பின்னால் பேய் மாதிரி நிழல். மேலிருந்து கீழே கோடு கோடாக என்னவோ ஊர்ந்தது. ஸ்பீக்கரிலிருந்து உர்ர் என்று ஒரு சத்தம்.

"ஏன், இதுக்குக் குளிர்ஜுரமா?" என்றேன்.

"அது எஃபெக்ட், அக்கா. ஒரு பழைய ஃபீல்."

"என் பெட்டி ஒருநாளும் நடுங்கினதில்ல. கல்லு மாதிரி நிக்கும். இந்த உறுமல் என்ன? லாரி ரிவர்ஸ் எடுக்குதா?"

"பழசுன்னா ஜனங்க இப்படித்தான் எதிர்பாக்கறாங்க. நடுங்கலேன்னா நம்ப மாட்டாங்க அக்கா."

அளந்துவிடுவதில் எனக்கும் ஊரில் ஒரு பெயர் உண்டு. ஆனால் நான் என் பெட்டியைப் பலசாலியாக்கத்தான் அளப்பேன். இந்த மனுஷர் அதை நோயாளியாக்க அளந்திருந்தார். அளப்பதிலும் ஒரு நேர்மை வேண்டாமா?

மடிக்கணினியை என் பக்கம் இழுத்துத் தட்டிப் பார்த்தேன். ஸ்டோர் புரோகிராமில் பொருளை வழங்குவதற்கு நான் வழக்கமாக அழுத்தும் பொத்தானை அழுத்தினேன். எமுலேட்டரோ, "எழுத்தின் அளவை மாற்றவா?" என்று ஒரு பட்டியலை விரித்தது. சரி, தட்டிய சொல்லை அழிப்போம் என்று அதற்கான இரண்டு விசைகளைப் பழக்கத்தில் சேர்த்து அழுத்தினேன். திரையில் எமுலேட்டர் இருந்த ஜன்னல் மொத்தமும் மூடிக்கொண்டு காணாமல் போனது.

"ஒரு வார்த்தையை அழிக்கச் சொன்னா தன்னையே அழிச்சுக்குதே! ரோஷக்காரப் பிள்ளை."

"அதெல்லாம் மாத்திக்கலாம்" என்று ஒளிவட்டம் முகம் சிவந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. மேல ஓடிப்போன வரி உங்க பெட்டில திரும்ப வருமா?"

"வராது. போனது போனதுதான்."

"ஒரு பக்கத்தை அப்படியே எடுத்து இன்னொரு இடத்துல ஒட்ட முடியுமா?"

"முடியாது."

"ஒரே நேரத்துல பத்து ஜன்னல்?"

"ஒண்ணுதான். எனக்குக் கண்ணும் ஒரு ஜோடிதானே இருக்கு."

"இதைப் பாருங்க" என்று மறுபடி திறந்து, பெட்டித் திரையில் பார்த்த என் வீட்டுக்காரரின் சர்க்கரைக் கோரிக்கையை நல்ல தமிழில், உருண்டை உருண்டையான எழுத்தில் தட்டிக் காட்டினார். அங்கே நான் அடங்கிவிட்டேன். எத்தனை வருஷம் கெஞ்சினாலும் என் பெட்டி ஒரு 'க' எழுதியிருக்காது.

"இதுல கேட்டா சர்க்கரை கிடைக்குமா தம்பி?" என்று ஆவலாக எட்டிப் பார்த்தார் என் வீட்டுக்காரர்.

பேச்சு இவ்வளவு சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒளிவட்டம் கைக்குட்டையால் மண்டையைத் துடைத்தார். அவர் மண்டையைத் துடைத்தால் கெட்ட செய்தி என்று கம்பெனிக்கே தெரியும்.

"அக்கா, புது ஆபீஸ் வாசல்ல ஒரு கண்ணாடிக் கூண்டு செஞ்சிருக்கோம். உங்க டெர்மினலை அதுக்குள்ளதான் வைக்கப் போறோம். ஆனா நாள் பூரா பழைய பிக்சர் ட்யூப் எரிஞ்சா ஆபத்துங்கறாங்க. அதனால உள்ள இருக்கறதை எல்லாம் எடுத்துட்டு, ஒரு தட்டை ஸ்க்ரீன் வெச்சு, அதுல என் எமுலேட்டரை ஓட விடுவோம். வெளில இருந்து பாத்தா அச்சு அசல்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டார். எனக்குப் பேச்சு வராததை அவர் கல்யாணமானதிலிருந்து பார்த்ததில்லை.

"குடலை உருவிட்டுப் பஞ்சு அடைக்கப் போறீங்க" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க அக்கா..."

"என் பெட்டியோட தோலைப் போத்திக்கிட்டு உங்க பிள்ளை அங்க உக்காந்து நடுங்குவான். பாக்கறவன் எல்லாம் என் பெட்டிதான் நடுங்குதுன்னு நெனப்பான். தர மாட்டேன்."

அவர் பெட்டியின் முதுகைப் பார்த்தார். அங்கே அந்தத் தகடு. "முதலாளி உத்தரவு, அக்கா. நான் வெறுங்கையோட போனா நாளைக்கு வேற யாராவது ஆளுங்களோட வருவாங்க."

"கொடுத்துடும்மா. சட்டம் அவங்க பக்கம் இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். சர்க்கரை டப்பாவை நினைத்துப் பேசுகிறார் என்று எனக்குத் தெரியாதா?

நான் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டேன். "சரி, நானே கொண்டு வரேன். ஒரே ஒரு ஆசை. குடலை எடுக்கறதுக்கு முன்னால, விழாவுல எல்லாரும் பாக்க, ஸ்டோர் லைன்ல அதை மாட்டிக் கொடுங்க. கடைசியா ஒரே ஒரு பொருளை நிஜமா வழங்கிட்டு எழுந்துடறேன்."

ஒளிவட்டம் துள்ளிக் குதித்தார். "அக்கா! இது எனக்குத் தோணவே இல்லையே! நானே லைன் இழுத்துத் தரேன்!" பாவம், நிஜமாகவே சந்தோஷப்பட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் என் சாதுவான முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

சந்தேகம் சரிதான். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. லாரி ஓட்டித் தொழிலைத் தொடங்கிய முதலாளி அவர் வாயாலேயே போட்ட சட்டம். ஆரம்ப காலத்தில், ஓடிக்கொண்டிருந்த ஒரு லாரியிலிருந்து பிரேக் சாமானைக் கழற்றி எவனோ வேறு லாரிக்கு மாட்டிவிட்டான். தெரியாமல் அதை ஓட்டிப் போனவர் முதலாளியேதான். மணல் குவியல் ஒன்று குறுக்கே வந்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து, அந்தந்த நாளில் ஒரு வேலையாவது செய்த எதிலும் ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரும் கழற்றக்கூடாது. ஷெட் போர்மேன் வந்து, ஓட்டிப் பார்த்து, இனி இது உதவாது என்று அதன்மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும். போட்டால்தான் கை வைக்கலாம். லாரிக்கு மட்டும் இல்லை. எடைமேடைக்கும் அதுதான், கேன்டீன் டீ மெஷினுக்கும் அதுதான்.

என் திட்டத்தில் ஒரே ஓட்டை, அந்தப் போர்மேன். அவள் என் நாத்தனார்.

பெண்தான், ஆனாலும் எல்லோருக்கும் அவள் போர்மேன்தான். லாரி இன்ஜினை நான் பார்ப்பதற்கு முன்பே அவள் பிரித்துப் பூட்டியவள். அவளுக்கு என் டெர்மினலைக் கண்டால் ஆகாது. ஷெட்டிலிருந்து அவள் எது கேட்டாலும் அது "இருப்பு இல்லை" என்றே சொல்லுமாம். இருப்பு இல்லாவிட்டால் பெட்டி என்ன செய்யும், பெற்றுப் போடுமா? ஆனால் நானும் பெட்டியும் கூட்டுச் சேர்ந்து சாமான்களை ஒளித்தோம் என்பது அவள் முடிவு. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், "குடிக்கத் தண்ணி இருப்பு இருக்கா அண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் சொம்பைத் தொடுவாள். அவள் கையில் சாக்பீஸைக் கொடுப்பது, கறிக்கடைக்காரரிடம் ஆட்டைக் காவலுக்கு விடுவதுபோல. ஆனால் எனக்கு வேறு வழி இல்லை. விட்டுக்கொடுப்பது ஒரு வழி என்று சொல்கிறவர்கள் என்னோடு பழகாதவர்கள்.

விழா நாள். புது ஆபீஸின் தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். நடுவில் கண்ணாடிக் கூண்டு. அதன் பக்கத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் என் பெட்டி, மேஜைக்கு அடியில் தட்டை ஸ்க்ரீன் இருந்த அட்டைப்பெட்டி. அதன்மேல் ஒரு டெக்னீஷியன், ஸ்க்ரூடிரைவரைத் தட்டித் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தேன். தாளம் நின்றுவிட்டது.

ஒளிவட்டம் லைனை மாட்டினார். தேன் நிறத்தில், ஒரு நடுக்கம் இல்லாமல், ஷெட் கேட்டிருந்த சாமான்கள் வரிசையாக வந்து நின்றன. முதல் வரி போர்மேனுடையது: ஒரு ஃபேன் பெல்ட். இருப்பைப் பார்த்தேன், இருந்தது. வழங்கினேன். அந்தப் பளிங்குக் கூடத்தில் என் கீபோர்டு போட்ட சத்தத்துக்கு விருந்தாளிகளில் இரண்டு பேர் மழை வருகிறதா என்று வெளியே பார்த்தார்கள். வந்தது மழை இல்லை. கொஞ்ச நேரத்தில், பெல்ட்டுக்காகக் காத்திருந்த லாரி கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பிரமாதம். சரிப்பா, வேலையைப் பாருங்க" என்றார் முதலாளி.

டெக்னீஷியன் எழுந்தான். நான் என் முழு உடம்போடு பெட்டியைக் கட்டிக்கொண்டேன். என் உடம்பும் சாதாரண உடம்பு இல்லை.

"நில்லு! சாக்பீஸ் குறி எங்கே?"

கூடம் சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"யம்மா, இது லாரி இல்லம்மா" என்றார்.

"டீ மெஷின் மட்டும் லாரியா, முதலாளி? இது இன்னிக்கு ஓடின பெட்டி. இது கொடுத்த பெல்ட்டுலதான் இப்ப அந்த வண்டி ஓடுது. ஓடினதைப் பிரிக்கலாம்னா சொல்லுங்க, நான் கையை எடுத்துடறேன். நாளைக்கு ஷெட்லயும் அதையே சொல்லிடுவோம்."

முதலாளி தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். அந்த மணல் குவியலில் அடிபட்ட முழங்கால். பிறகு, "போர்மேனைக் கூப்பிடு" என்றார்.

நாத்தனார் வந்தாள். நீலச் சட்டை, நீலக் கால்சட்டை, காதில் சாக்பீஸ். பளிங்குத் தரையில் வாசலிலிருந்து மேஜைவரை கிரீஸ் காலடி. விஷயத்தைக் கேட்டாள். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, லாரி பம்பரைத் தட்டுவதுபோல விரலை மடக்கித் தட்டினாள்.

"இதுதானே எனக்கு இல்ல இல்லன்னு சொன்னது?"

"இருந்தா இருக்குன்னும் சொல்லும்" என்றேன்.

"எப்போ சொல்லியிருக்கு?"

"இப்பதான். ஃபேன் பெல்ட்."

காதிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். அவள் ஒரு குறி போட்டால் போதும், மேஜைக்கு அடியில் இருக்கிற அட்டைப்பெட்டி ஜெயித்துவிடும்.

"ஓட்டிக் காட்டுங்க அண்ணி."

காட்டினேன். ஒரு எழுத்துகூடத் தவறவில்லை.

"இப்போ அதை ஓட்டுங்க" என்று ஒளிவட்டத்தின் மடிக்கணினியைக் காட்டினாள்.

ஒளிவட்டம் ஓட்டினார். உள்ளதைச் சொல்ல வேண்டும்: அந்த வேஷக்காரனும் அதே கோரிக்கையை, அதே புரோகிராமில், என்னைவிட வேகமாக முடித்தான். நாத்தனார் குனிந்து பார்த்தாள்.

"ஏன் நடுங்குது?"

"எஃபெக்ட்" என்றார் ஒளிவட்டம் மெதுவாக.

"வேலை செய்யுது இல்ல?"

"செய்யுது, போர்மேன்."

நாத்தனார் முதலாளியின் பக்கம் திரும்பினாள். "இதுவும் ஓடுது, அதுவும் ஓடுது. ஓடற ஒண்ணை அறுத்து இன்னொண்ணுக்குச் சட்டை தைக்க எங்கிட்ட சாக்பீஸ் இல்ல." சாக்பீஸ் திரும்பக் காதுக்குப் போனது.

டெக்னீஷியன் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். நான் நாத்தனாரைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"ஒரு நிமிஷம். முதலாளி, ஓடற வண்டி ராத்திரி எங்க நிக்கணும்னு சொல்லியிருக்கீங்க?"

"ஷெட்லதான்" என்றார் முதலாளி, வாயெல்லாம் பல்லாக.

"ரெண்டு பேர் போய் இதைத் தூக்கி என் ரூம்ல வைங்கடா."

"அடிப்பாவி!" என்றேன், அத்தனை விருந்தாளிகளுக்கு நடுவில்.

"குடல் முழுசா இருக்கணும்னுதானே கேட்டீங்க அண்ணி? இருக்கும்."

வருத்தமா என்று பலர் கேட்டார்கள். ஒரு சொட்டு வருத்தம் இல்லை. கண்ணாடிக்குள் வெறும் தோலாக நிற்பதைவிட, கிரீஸுக்கு நடுவில் முழுசாக உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல். என் பெட்டி இப்போது ஷெட்டில் பிஸ்டன்களுக்கும் பழைய டயருக்கும் இடையே உட்கார்ந்து தினமும் சாமான் வாங்கிக் கொடுக்கிறது. எண்ணெய் விரலால் தட்டித் தட்டி அதன் விசைகள் கறுத்துப்போயின. நாத்தனார் ஒற்றை விரலால் தட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும். ஆனாலும் அது உயிரோடு இருக்கிற கறுப்பு.

கண்ணாடிக் கூண்டில் ஒளிவட்டத்தின் எமுலேட்டர் சாதாரணத் திரையில், சொந்த முகத்தோடு ஓடுகிறது. "அந்தக் குளிர்ஜுரத்தை மட்டும் எடுங்க" என்று சொன்னேன், எடுத்துவிட்டார். என் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒன்று போட்டுக் கொடுத்தார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இதை அதில்தான் எழுதுகிறேன், உருண்டை உருண்டையான தமிழில். நல்ல பிள்ளை. அதற்காக இன்னொருவர் தோலை உரித்துப் போர்த்தச் சொன்னால் மறுபடியும் குறுக்கே விழுவேன்.

நேற்று காலை நாத்தனாரிடமிருந்து போன். "அண்ணி, உங்க பெட்டி செத்துப்போச்சு. தட்டறேன் தட்டறேன், ஒரு எழுத்து வரல."

"கீபோர்டு மேல சின்னதா ஒரு விளக்கு எரியுதா?"

"எரியுது."

திரையை அப்படியே நிறுத்தி வைக்கும் விசையில் அவள் விரல் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு தடவை அதே விசையைத் தொட்டால் ஓடும். எமுலேட்டரில் இப்படி நின்றுபோனால் விளக்குகூட எரியாது, செத்ததா தூங்குகிறதா என்று நாடி பிடித்துத்தான் பார்க்க வேண்டும். என் பெட்டி மறைக்காது, விளக்கைப் போட்டுச் சொல்லிவிடும்.

"ஒளிவட்டத்தைக் கூப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டா ஸ்க்ரூடிரைவரோட இல்ல வருவாங்க? யாரையும் தொட விடல. ரூமைப் பூட்டிட்டு வாசல்ல நிக்கறேன். அதுவரைக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சாமான் எடுத்துக்கறோம். நீங்க வாங்க."

"வரேன். நேர்ல பாத்தாதான் தெரியும்."

நான் கைப்பையை எடுப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "என்ன ஆச்சு?" என்றார்.

"ஒரு விசையைத் தட்டணும்."

"போன்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன்.